மெல்போர்னுக்கு ரெண்டு டிக்கெட்

ஜனவரியில் மெல்போர்ன் போய் டென்னிஸ் பார்ப்பது என் பல வருஷ ஆசை. மீஞ்சூர் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்ததில், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். டிவியில் எந்த மேட்ச் வந்தாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் ஆயிற்றே!

அடுத்த வாரம் ஓரகத்தி கேட்டாள். "இன்னாக்கா, மாமா இந்தத் தடவ பாடு வேணாம்னுட்டாராமே?"

பழவேற்காடு ஏரியில் இறால் ஓடுகிற இடத்தில் முறைவைத்துத்தான் வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. சீட்டுக் குலுக்கியதில், நாங்கள் ஊரில் இல்லாத நாளில் என் வீட்டுக்காரர் முறை விழுந்திருக்கிறது. பேசாமல் விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ போவமாட்ட."

"உனக்கும் டென்னிஸ் புடிக்கும்னுதானே டிக்கெட் எடுத்தேன்?"

சிரித்தார். "அதுல எவன் ஜெயிக்கிறான்னே எனக்குத் தெரியாது. நீ கையத் தட்டுனா, நம்மாளு ஜெயிச்சிட்டான்னு நெனச்சுப்பேன்."

இத்தனை வருஷமும் நான் டிவியை மட்டுமே பார்த்திருக்கிறேன். மெல்போர்னிலாவது பக்கத்து சீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும்.