கல்லில் இல்லாத பேர்

எங்க அக்கா பல்செட் செய்யறவ. பல் டாக்டர்கள் அனுப்பற அச்சை வச்சுக்கிட்டு மெழுகைச் சுரண்டிச் சுரண்டிச் செய்வா. ஒரு பல் மயிரிழை தூக்கி நின்னாலும் பிரிச்சுட்டு முதல்லேருந்து ஆரம்பிப்பா. அந்தப் பொறுமையைப் பாத்து, சூடு சொரணை இல்லாதவன்னு ஒருத்தன் தப்புக்கணக்குப் போட்டான்.

'ஏழு கோட்டை'ன்னு ஒரு ஆன்லைன் கேம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி அது ஆரம்பிச்ச மாசமே அக்கா சேர்ந்துட்டா. அதுல அவ வைத்தியச்சி. மத்தவங்க முன்னால வாள் வீசுவாங்க, இவ பின்னால நின்னு அடிபட்டவங்களுக்கு உயிர் ஏத்திக்கிட்டே இருப்பா. கேம்ல வர்ற ராட்சச நாகத்தை முதல்ல கொல்ற பத்துப் பேர் பேரைக் கோட்டைவாசல் கல்லுல செதுக்குவோம்னு கம்பெனி சொல்லியிருந்தது. ஆறு மணி நேரம் பச்சைத்தண்ணி குடிக்காம ஒன்பது பேரையும் சாகவிடாம வச்சிருந்தா அக்கா. நாகம் விழுந்துச்சு. பட்டியல் அனுப்பினது குழுத் தலைவன், தளபதின்னு கூப்பிடுவாங்க. அக்கா பேரை அடிச்சுட்டு, அன்னைக்கு விளையாடவே வராத தன் மச்சினன் பேரைப் போட்டான். கேட்டதுக்கு, பின்னால நின்னவளுக்கு எதுக்குப் பேருன்னு சொல்லி குழுவை விட்டே தூக்கிட்டான், பாவி.

ரெண்டு வருஷம் கழிச்சு வேற பேர்ல, வேற உருவத்துல அதே குழுவுல போய்ச் சேர்ந்தா அக்கா. குரல் காட்டிக்கொடுத்துடும்னு மைக்கையே திறக்கல. எல்லாம் எழுதித்தான். ஊமைன்னே பேர் வச்சுட்டாங்க. அவனுக்கே வைத்தியம் பாக்கறியே, வெக்கமா இல்லையான்னு நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன். உன் வேலையைப் பாருன்னுடுவா. பதினாறு வருஷத்துல, ஊமை இருந்தா போதும்னு மத்த வைத்தியர்களையெல்லாம் தளபதியே அனுப்பிட்டான்.

போன மாசம் கம்பெனி அறிவிச்சது: அதே நாகம் திரும்ப வருது, கல்லுல பேர் இருக்கற குழு ஒரே ஒரு தடவை மோதணும், ஜெயிச்சா பேர் நிலைக்கும், தோத்தா கல்லைத் துடைச்சிடுவோம்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சண்டை. நான் பக்கத்துலதான் இருந்தேன். நாகத்துக்குக் கடைசி மூச்சு, தளபதிக்கும் அப்படித்தான். ஊமை, உயிர் ஏத்துன்னு கத்தறான். அக்கா கீபோர்டுலேருந்து கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. மைக்கைத் திறந்தா.

"பின்னால நின்னவ பேசறேன்."

தளபதி கேட்டான், "யாரும்மா நீ?"

மறந்தே போயிட்டான். அக்கா முகம் ஒரு கணம் சுருங்கிடுச்சு.

"இனிமே மறக்கமாட்ட"ன்னா.

நாகம் வாலைச் சுழட்டுச்சு. தளபதி விழுந்தான். காப்பாத்த ஆளில்லாம மத்தவங்களும் ஒவ்வொருத்தரா விழுந்தாங்க, கடைசியா அக்காவும்.

சாயங்காலம் அந்தக் கல்லைத் திரையில காட்டினா. பத்துப் பேரும் போயாச்சு, மொழுமொழுன்னு வெறும் கல்லு. இதுல உனக்கு என்னக்கா கிடைச்சுதுன்னு கேட்டேன்.

"என் பேர் எங்க இருக்கோ, இப்ப அவன் பேரும் அங்கதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு, திங்கக்கிழமை கொடுக்கவேண்டிய பல்செட்டை எடுத்து வச்சுக்கிட்டா.