வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்த லிங்க்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தப் பெரிய தளத்தை விட்டு நான் வெளியே வந்ததற்கு ஆளுக்கு ஒரு கொள்கைக் காரணம் சொல்கிறார்கள். கொள்கையெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம்தான்.

வீடு கள்ளக்குறிச்சியில், பள்ளிக்கூட வேலை வெள்ளிமலையில். தினமும் மலைப் பஸ். அந்தப் பஸ்ஸை நம்பிப் பிழைக்கிறவர்கள் சேர்ந்து ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் குழு வைத்திருந்தோம். பஸ் எடுத்துவிட்டானா, மேலே பனி எப்படி, யாரிடம் சாமை இருக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. கூடவே என் சொந்தக்காரர்களும் அதில் இருந்தார்கள். சொந்தக்காரர்கள் இல்லாத இடம் ஏது?

போகப் போக, எங்களுக்கு எதை எப்போது காட்டுவது என்று அந்தத் தளமே முடிவு செய்ய ஆரம்பித்தது. 'வளைவுல மரம் விழுந்து கெடக்குது, யாரும் வராதீங்க' என்று ஒருவர் திங்கட்கிழமை விடியற்காலையில் போட்டதை எனக்கு வியாழக்கிழமை காட்டியது. திங்கட்கிழமை நான் அதே மரத்துக்கு இந்தப் பக்கம் பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, முட்டிவலித் தைல விளம்பரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று அந்த வியாழக்கிழமையே முடிவு செய்தேன்.

எங்கள் பள்ளி அறிவியல் சார் இதற்காகவே காத்திருந்தவர் போல வந்தார்.

"நாமளே ஒண்ணு நடத்தலாம் டீச்சர். ஊரு ஒலகத்துல ஜனங்க இப்படிச் சின்னச் சின்னதா சொந்தத் தளம் வெச்சிக்கினு இருக்காங்க. நம்ம கம்ப்யூட்டரு, நாம வெச்ச சட்டம். விளம்பரம் கெடையாது. போட்டது போட்ட வரிசையில வரும்."

"எங்க சார் வெக்கிறது?"

"இன்வெர்ட்டர் இருக்கிறது உங்க வூட்லதான்."

அப்படித்தான் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி எங்கள் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் குடிவந்தது. ஒரு பச்சை விளக்கு அதில் விடாமல் சிமிட்டும். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாமி கும்பிடும்போது கண்ணைத் திறந்து திறந்து அதைப் பார்த்தார். மூன்றாம் நாள் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டிவிட்டார்.

எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நான், சார், என் நச்சரிப்பு தாங்காமல் சேர்ந்த வீட்டுக்காரர், அப்புறம் எப்படியோ வந்து சேர்ந்த ஒரு குளிர்நாட்டுக்காரர். தினமும் தன் ஜன்னலில் உறைந்த பனியைப் படம் பிடித்துப் போடுவார். வெள்ளிமலை பஸ்ஸால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

பஸ் ஸ்டாண்டில் என் சித்தப்பாவைப் பார்த்தபோது கேட்டேவிட்டேன்.

"லிங்க் வரலியா சித்தப்பா?"

"லிங்க் வந்துச்சி. நீ வரலியே." சித்தப்பா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். "புது எடத்துக்குக் கூப்புடறவ வூட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புட வேணாமா? ஒரு தடவ பட்டும் உனுக்குப் புத்தி வரலியே."

பட்டது உண்மை. இரண்டு வருஷத்துக்கு முன்பு நாங்கள் புதுவீடு கட்டிக் குடிபோனோம். பெயிண்டரோடும் கொத்தனாரோடும் மல்லுக்கட்டிய அவசரத்தில், அழைப்பிதழைப் படமெடுத்து அதே பெரிய தளத்தில் எல்லோருக்கும் தட்டிவிட்டேன். அந்த எல்லோரில் என் அக்காவும் ஒருத்தி. சங்கராபுரத்தில்தான் இருக்கிறாள், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கூடப்பிறந்தவளை நேரில் போய் அழைக்கவில்லை. அவள் வரவில்லை. கூடப்பிறந்தவளுக்கு எதற்கு அழைப்பு என்று நானும் முறுக்கிக்கொண்டேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வீம்பிலும் ஒன்றுதான். பேச்சு நின்றுபோனது.

ஆனால் அந்தத் தளத்தில் நான் எதைப் போட்டாலும் ஒரு நிமிஷத்தில் அக்காவின் கட்டைவிரல் வந்து நிற்கும். வார்த்தை கிடையாது, கட்டைவிரல் மட்டும். மரம் விழுந்த சேதிக்கும் கட்டைவிரல், எனக்குக் காய்ச்சல் என்றாலும் கட்டைவிரல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாதி நாள் அதற்காகத்தான் எதையாவது போட்டேன். அந்தத் தளத்தில் என் கணக்கை மூடிவிட்டால் அக்காவிடமிருந்து எனக்கு இருந்த அந்த ஒன்றும் போய்விடும்.

தாம்பூலத் தட்டை எடுத்தேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்று சார் நாள் குறித்துக் கொடுத்தார். வீடு வீடாகப் போய்க் குங்குமம் நீட்டி, வெற்றிலை பாக்கோடு லிங்க் அச்சடித்த சீட்டையும் வைத்துக் கொடுத்தேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சாப்பாடு எந்த மண்டபத்துல?" என்றார்.

அக்காவின் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். கதவைத் திறந்தவள் வா என்று சொல்லவில்லை.

"செருப்ப வெளிய வுடு" என்றாள்.

அது போதும் என்று உள்ளே போனேன். விளம்பரம் இல்லாதது, வரிசை மாறாதது, நாமே வைக்கும் சட்டம் என்று பாடம் எடுப்பதுபோல மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

"எங்க?" என்றாள்.

"எங்கியும் வர வேணாங்கா. இங்கேர்ந்தே போன்ல தொட்டாப் போதும்."

"பொட்டிய எங்க வெச்சிக்கினு இருக்கன்னு கேட்டேன்."

"எங்க வூட்லதான்."

சீட்டை அலமாரியில் செருகிவிட்டு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த ஞாயிறு ஒன்பது மணிக்குச் சொந்தமெல்லாம் தளத்தில் வந்து குவிந்தது. வாழ்த்துகள், வளர்க, ரோஜாப்பூ, மறுபடியும் ரோஜாப்பூ. குளிர்நாட்டுக்காரர் என்ன பண்டிகை என்று கேட்டார். நான் அக்காவின் பெயரை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்பதரை ஆயிற்று. வரவில்லை. நேரில் போயும் வராதவள் இனி எதற்கு வருவாள் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கேட் சத்தம் கேட்டது. ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் பெரிய தட்டு. உப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, எனக்கு ஒரு புடவை, பால் சொம்பு. புதுவீட்டுச் சீர், இரண்டு வருஷம் தாமதமாக. வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.

"பொட்டி எங்க?"

காட்டினேன். அதற்குக் குங்குமம் வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்ப் பாலைப் பொங்க வைத்தாள். எனக்கு அழுகை நிற்கவில்லை. சார் போன் மேல் போன் போட்டு, "எல்லாரும் வந்துட்டாங்க டீச்சர், நீங்க ஒண்ணுமே போடலியே" என்றார்.

மறுநாளே தளம் காலி. சொந்தமெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. சித்தப்பாவிடம் சண்டைக்குப் போனேன்.

"கூப்ட்டதுக்கு வந்தோம், வாழ்த்தனோம். கல்யாணத்துக்கு வந்தவன் மண்டபத்துலயே குடியிருப்பானா?" என்றார்.

பஸ்ஸுக்கு உண்மையிலேயே அலைகிற மலைக்காரர்கள் பத்துப்பேர் தங்கினார்கள். அது போதும். மரம் விழுந்தால் விழுந்த அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

அக்கா இன்றுவரை தளத்தில் சேரவில்லை. கேட்டால், "அது இருக்கிற வூட்டுக்கே வந்துக்கினு இருக்கேன், அதுக்குள்ள வேற இன்னாத்துக்கு?" என்கிறாள். ஞாயிறு தவறாமல் வருகிறாள். அந்தக் கட்டைவிரல் இரண்டு வருஷமும் நான் போட்டதெல்லாம் நன்றாயிருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இவள் வந்த நாளிலிருந்து என் குழம்பில் உப்பு ஜாஸ்தி, ரசத்தில் புளி கம்மி, கோலம் கோணல்.