சுவருக்கு அந்தப்பக்கத்துத் தோடி

எங்கள் மாதா கோயிலில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு மணி அடிக்க மாட்டார்கள். சனிக்கிழமை இரவு பாஸ்கா பூசையில்தான் மறுபடி மணி கேட்கும். அது வரைக்கும் பக்கத்து வீட்டிலும் பாட்டு கேட்காது. பல வருடம் நான் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்த பிறகும், பாட்டுப்பெட்டி ரிப்பேராக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டுச் சுருளியம்மாள் மதினிதான் ஒருநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னார்.

"உங்க கோயில் மணியே வாய மூடிட்டுக் கெடக்கு, நம்ம பெட்டி எதுக்குக் கத்தணும்னு சொல்லுவாரு. நாஞ் சொன்னேன்னு கேட்டுராதீங்க. கூச்சப்படுவாரு."

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர்தான் மதினியின் வீட்டுக்காரர் பொன்ராஜண்ணன். சூரியநெல்லிக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே தாளித்தால் இங்கே இருமல் வரும். எனக்குக் கொழுந்து எடுக்கிற வேலை. அவருக்கு ஃபாக்டரியில் கொழுந்து உருட்டுகிற மிஷினில் வேலை. நாள் முழுக்க மிஷின் இரைச்சலில் நின்ற மனுஷன் சாயங்காலம் வந்து குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி, சிடி போடுவார். வெறும் கச்சேரிதான். வாய்ப்பாட்டு, நாதஸ்வரம், சில நாள் வயலின் மட்டும். போடிக்கு இறங்குகிறபோதெல்லாம் ஒன்று வாங்குவார். பையில் வைத்தால் பஸ்ஸில் மூட்டை விழுந்து உடைந்துவிடும் என்று சட்டைக்குள் வைத்து மலை ஏறுவார்.

சிடி போட்டால் முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்பார். நடுவில் தாண்டிப் போக மாட்டார். தனியாவர்த்தனத்தின்போது மதினி சோறு வைத்தால் தட்டை ஓசைப்படாமல் தள்ளி வைப்பார். "ஒரு சினிமாப் பாட்டுப் போடுங்கண்ணே" என்று யாராவது வந்து கேட்டால், "அதுக்கு டீக்கடை இருக்கு" என்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் அவரிடம் யாரும் போகக் கூடாது. எங்கள் வீட்டில் செபமாலை முடியும் நேரமும் அவர் பெட்டியைப் போடும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். காத்திருந்து போட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்குப் படுகிறது.

மதினி இறந்த பிறகு அந்தப் பாட்டுதான் அந்த வீட்டில் பேச்சுத்துணை.

அவருடைய மகன் சதீஷைத் தூக்கி வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். சாமியார் மன்னிக்கச் சொன்னார். பையனை மன்னித்துவிட்டேன். கோபம் மட்டும் போகவில்லை.

சதீஷ் காந்தலூரில் சித்ராவைக் கட்டி, மாமனார் வீட்டோடு தங்கி, அங்கேயே ஒரு ஹோம்ஸ்டேயில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு மழைக்காலத்தில் வந்தவன், "அப்பா, சுவரெல்லாம் ஈரம், சிடி பூத்துப் போயிரும். அங்க எங்க வீட்டுல இரும்புப்பெட்டியில பத்திரமா வைக்கிறேன்" என்று எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போனான். பழைய ப்ளேயர், டிவி எல்லாம் கூடவே போயின. பதிலுக்கு ஒரு போன் கொடுத்தான்.

"உலகத்துல உள்ள அம்புட்டுக் கச்சேரியும் இதுல இருக்குப்பா. பேரச் சொன்னாப் போதும்."

இருந்தது உண்மைதான். அண்ணனும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தார். எப்போதோ கேட்டு மறந்த நாதஸ்வரமெல்லாம் அதில் கிடைத்தது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் எங்கள் லைனில் சிக்னல் குழாயடியில்தான். ஆனை நடமாட்டம் என்று வனத்துறைக்காரர்கள் மெசேஜ் அனுப்பிவிட்டால் ஆறு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. வீட்டுக்குள் வந்தால் பாட்டு பாதியில் நின்று ஒரு வட்டம் மட்டும் சுற்றும். அதுவும் சரியாகி ஓடினால், நல்ல ஆலாபனையின் நடுவில் ஒருத்தன் புகுந்து மலையாளத்தில் தங்க நகைக்குக் கடன் தருகிறேன் என்பான்.

ஒருநாள் சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம். "யாருல நீ? எவன் உன்னக் கூப்பிட்டான்?"

யாரோ குடிகாரன் வந்துவிட்டான் என்று நான் துடைப்பத்தோடு ஓடினேன். அண்ணன் போனைக் கட்டிலில் வீசிவிட்டு நின்றார்.

சதீஷிடம் சொன்னதும் காசு கட்டுகிற தன் கணக்கையே அப்பா போனிலும் போட்டுக் கொடுத்தான். விளம்பரம் போயிற்று. வேறு தொல்லை வந்தது. அவன் காந்தலூரில் பாட்டுப் போட்டால் இங்கே இவர் பாட்டு நின்றுவிடும். இவர் மறுபடி போட்டால் அங்கே அவனுடையது நிற்கும். இரண்டு பேரும் மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா தங்கச்சி, அவன் அங்க குத்துப்பாட்டுக் கேக்கான், இங்க என் தோடி செத்துப் போகுது. சிடிய எவனாச்சும் அங்கேருந்து நிறுத்த முடியுமா?"

"கொண்டு வரச் சொல்லுங்கண்ணே."

"கேட்டுட்டேன். அடுத்த தடவ, அடுத்த தடவங்கான்."

அப்படியே ஒரு வருடம் போனது. சித்ராவுக்கு வளைகாப்பு வந்தது. நானும் அண்ணனும் மூணாறு, மறையூர் வழியாக ஜீப்பில் காந்தலூர் போனோம். சம்பந்தி வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஸ்ட்ராபெரி போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்தே என்னவோ பளபளவென்று மின்னியது. வந்த பெண்கள் எல்லாம் அழகாக இருக்கிறது என்று நின்று போட்டோ எடுத்தார்கள்.

குருவி வராமல் இருக்க நைலான் கயிற்றில் சிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடு ஓட்டையில் முடிச்சு. காற்றில் சுற்றிச் சுற்றி ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

அண்ணன் பாத்திக்குள் இறங்கி ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அப்புறம் கூப்பிட்டார்.

"சதீசு, இங்க வாலே."

"பந்தி போட்டாச்சுப்பா, சாப்பிட வாங்க."

"இது என்னல?"

அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "மாமா குருவி வருதுன்னு சொன்னாங்க... சும்மாதானப்பா கெடந்துச்சு. எல்லாந்தான் போன்ல இருக்கே."

"இரும்புப்பெட்டின்னு சொன்ன."

"அதுலதான் இருந்துச்சு, மொதல்ல."

சம்பந்தி குறுக்கே வந்தார். "மச்சான், ஒரு பாட்டுத் தட்டுக்குப் போயி நல்ல நாள்ல... நாளைக்கே அவுத்துக் குடுத்துருதேன், வாங்க."

அண்ணன் அடுத்த சிடிக்குத் திரும்பினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. யாரிடமும் குரல் உயர்த்தாதவள் நான். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"ஏல சதீசு, உங்கம்மா சேலையும் பெட்டியில சும்மாதான கெடக்கு. அதையும் எடுத்துட்டு வந்து காட்டுப்பன்னிக்கு வேலி கட்ட வேண்டியதுதான?"

"அத்தை, நீங்க சும்மா இருங்க."

"சும்மா கெடந்தாத்தான் நீ கொண்டு போயிக் கட்டித் தொங்கவிட்டுருவியே, நான் எப்படிச் சும்மா இருக்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டு வேட்டியோடு பாத்தியில் குனிந்து அண்ணன் ஒவ்வொரு முடிச்சாகப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கத்தி கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்கவில்லை. நான் முந்தானையை ஏந்தினேன். வளையல் போட மட்டும் சித்ரா பக்கத்தில் போய் இரண்டு பேரும் நின்றோம். பிள்ளைத்தாய்ச்சி மேல் எங்களுக்கு என்ன கோபம்? சாப்பிடாமல் திரும்பினோம்.

வெயிலும் மழையும் தின்றதில் பாதிக்கு மேல் வெளிறிப் போயிருந்தன. பழைய ப்ளேயரை சதீஷ் எப்போதோ பழைய சாமான் வாங்குகிற ஆக்கர்காரனுக்குப் போட்டுவிட்டானாம். என் மகள் கல்யாண சிடி பார்க்க வாங்கிய டிவிடி ப்ளேயர் எங்கள் வீட்டில் டிவியோடு இருந்தது. அதில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். சில சிடிக்கு டிவி பேசவே இல்லை. சில பாதியில் திக்கின. ஒன்பதோ பத்தோ முழுசாகப் பாடின.

"இங்கேயே வந்து உக்காந்து கேளுங்கண்ணே."

"வேண்டாம்மா. எனக்கு என் இடந்தான் தோது. நீ போடு."

அன்றிலிருந்து செபமாலை முடிந்ததும் நான் சிடி போடுவேன். அவர் சுவருக்கு அந்தப்பக்கம் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருப்பார். சிடி திக்கினால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவார். நான் போய் எடுத்துத் துடைத்துப் போடுவேன். எது தோடி, எது கல்யாணி என்று எனக்கு அப்போதும் சரியாகத் தெரியாது. மேலே எழுதியிருப்பதைப் பார்த்துப் போடுவேன்.

அவர் ரிட்டயர் ஆகி நாளாகிவிட்டது. வீட்டில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லை. லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்தான். முப்பத்தைந்து வருடம் மிஷினோடு நின்றவருக்கு ஒரு மாதம் தவணை. போக வேறு இடம் எங்கே? காந்தலூர்தான், அந்தச் சரிவுக்கு மேல் உள்ள வீடுதான்.

சதீஷ் ஜீப் கொண்டுவந்தான். பாத்திரம், கட்டில், மதினியின் பெட்டி எல்லாம் ஏற்றினான். அவனுக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். "அப்பா, புது ப்ளேயர் வாங்கித் தாரேன். அத்தை வீட்டுல இருக்க சிடியையும் எடுத்துக்குவோம்" என்றான்.

"பாப்போம்" என்று சொல்லி அண்ணன் முன் சீட்டில் ஏறினார்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து அங்கேயே இறந்துபோனார். சிடிகள் என்னிடம்தான் இருக்கின்றன. சதீஷ் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டான். நான் கொடுக்கவில்லை, அண்ணன் சொல்லிவிட்டுப் போனதையே சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு ஜீப் கிளம்புகிற நேரம், சதீஷ் பின்னால் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் தலையை வெளியே நீட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் கண் கலங்கியிருக்கும் என்று நினைத்துப் போனேன். கலங்கவில்லை, சிவந்திருந்தது.

"தங்கச்சி, இவன் வந்து கேட்டா, எல்லாம் குருவி வெரட்டப் போயிருக்குன்னு சொல்லிரு."