சித்தப்பா குறை சொன்ன கறுப்புக் கார்

எங்கள் சித்தப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்தான் இருந்தது. ஆனால் பொன்னேரியிலிருந்து செங்குன்றம் வரைக்கும் யார் பழைய கார் வாங்கினாலும், அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் விலை பேசுவார்கள். யுத்த காலத்தில் சோழவரம் ஏரோப்ளேன் திடலில் ராணுவ லாரிகளுக்குக் கிரீஸ் அடித்தவர். நான் இரண்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. இருந்தாலும் இன்றைக்கும் தெருவில் ஒரு வண்டி திரும்பினால், அதன் இஞ்சினுக்கு என்ன உடம்பு என்று உள்ளே இருந்தபடியே சொல்லுவேன். அது அவர் கொடுத்த படிப்பு.

அவருக்கு அபிப்பிராயம் நிறைய. அமெரிக்கா வண்டி மாப்பிள்ளை மாதிரி, தீனி போட்டு மாளாது. இங்கிலீஷ்காரன் செய்த சீமை வண்டி மருமகள் மாதிரி, கிடைத்ததைத் தின்றுவிட்டு உழைக்கும். அதே திடலில் கார் பந்தயம் நடத்த ஆரம்பித்ததும், என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து அழைத்துப் போவார். கூட்டமெல்லாம் முடிவுக் கோட்டில் நிற்கும். சித்தப்பா வளைவில் போய் நிற்பார். "நேர் ரோட்டுல கழுதகூட ஓடும் கண்ணு. ஓட்டறவன் யாருன்றது திரும்பறப்போதான் தெரியும்" என்பார்.

அக்காவைப் பெண் பார்க்கத் திருவள்ளூர்க்காரர்கள் காரில் வந்தார்கள். கறுப்புச் சீமை வண்டி, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். எங்கள் நைனா மாப்பிள்ளையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டேய், வண்டி இன்னா மாதிரின்னு பாத்துச் சொல்லு. வண்டிய ஒழுங்கா வெச்சிக்கினு இருந்தா குடும்பமும் ஒழுங்காத்தான் இருக்கும்."

"உன் பொண்ணு இன்னா வண்டியையா கட்டிக்கப் போறா?" என்றாள் அம்மா, பஜ்ஜித் தட்டோடு.

மாப்பிள்ளைதான் ஓட்டினார். சித்தப்பா முன்னால், நான் பின்னால். திடலுக்குப் போனோம். அறுப்புக் காலம். சிமெண்ட் தரையில் ஒரு அம்மா நெல் காயவைத்திருந்தாள். ஒதுங்கிப் போக எவ்வளவோ இடம் கிடந்தது. மாப்பிள்ளை நெல் மேலேயே விட்டார். அந்த அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"நிறுத்துப்பா" என்றார் சித்தப்பா.

"கத்தட்டும் மாமா. பொம்பளைங்க கத்திக் கத்தி தானா அடங்கிடுவாங்க."

சிரித்துக்கொண்டே திருப்பி இன்னொரு தடவை விட்டார். வண்டி குலுங்கவே இல்லை. எனக்கோ திருவிழா ராட்டினத்தில் ஏறிய சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா வண்டிக்கு அடியில் படுத்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து, நைனாவைக் கொல்லைக்கு அழைத்துப் போனார்.

"அடிச்சட்டம், அதான் சேசிஸ், ஒடஞ்சத பத்த வெச்சி ஒட்டிகிறாங்கண்ணா. மேல பெயிண்ட்டு அடிச்சி மறைச்சிட்டாங்க. இத்த மறைக்கறவங்க இன்னும் இன்னாத்த மறைப்பாங்களோ."

"பளபளன்னு கீதேடா!"

"வண்டி விஷயத்துல நான் எப்பனா பொய் சொல்லிகிறனா?"

சொன்னதில்லை. அது ஊருக்கே தெரியும். ஜாதகம் பொருந்தவில்லை என்று நைனா சொல்லி அனுப்பிவிட்டார். சாயங்காலம் கிணற்றடியில் சித்தப்பா அக்காவிடம் மெதுவாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா இறைக்காமல் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். எனக்குக் கார் போன துக்கம்.

பிறகு அந்தக் காரைப் பொன்னேரிக்காரர் ஒருவர் வாங்கி வாடகைக்கு விட்டார். கும்மிடிப்பூண்டிக்கும் செங்குன்றத்துக்குமாக வருஷக்கணக்கில் ஓடிற்று. ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. டீக்கடையில் சித்தப்பாவைக் கண்டால், "வாத்யாரே, ஒட்டுப் போட்ட வண்டி வருது, ஒதுங்கிக்க" என்பார்கள். கார் பார்க்க அவரைக் கூப்பிடுவது குறைந்து, ஒரேயடியாக நின்றும் போனது. "உனக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சுடா" என்று நைனாவே சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒருநாள் அந்தக் கார் எங்கள் தெரு வழியாகப் போயிற்று. சித்தப்பா அது மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன் சித்தப்பா, நீ தப்பாப் பாத்துட்டியா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. தப்பாத்தான் பாத்துட்டேன்."

அதுவரை என்னை அதட்டிக்கூட அறியாத அக்கா, வயிற்றுப் பிள்ளையோடு எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளே அழுதாள். நான் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாதான் அவளை உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.