குடைத்துணிச் சிறகு

என் பெண்ணுக்கு எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் காக்கா வேஷம் கொடுத்தார்கள். ஆண்டு விழா நாடகத்தில் ஒரு ராணி, ஆறு தேவதைகள், ஒரு காக்கா. மிஸ் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, நிறம் பார்த்துத் தேவதைகளைப் பொறுக்கினாராம். என் பெண்ணும் கையை நீட்டியிருக்கிறாள். "நீ காக்காம்மா, உனக்கு அதுதான் பொருந்தும்" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கு தேவதைதான் வேணும்மா" என்றாள். அழுதது நான்தான், அதுவும் கோபத்தில்.

நான் கறுப்பு. என் வீட்டுக்காரர் என்னைவிட ஒரு படி கூட. எங்களுக்குப் பிறந்தது பின்னே எப்படி இருக்கும்? தங்க வயலில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் ஒன்பது வீட்டில் எங்கள் நிறம்தான் எட்டிப் பார்க்கும். ஆனாலும் பிள்ளை பிறந்தவுடன் எல்லாரும் காது மடலைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். போகப்போக என்ன நிறம் வரும் என்று அதில் தெரியுமாம். என் பெண்ணின் காதைப் பார்த்துவிட்டு ஒருத்தி, "பரவால்ல, மூக்கு நல்லா கீது" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். மூன்று நாள் பிள்ளைக்கு ஆறுதல்!

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த மிஸ்ஸுக்கும் நான்தான் தைத்தேன். கழுத்தளவு, கையளவு எல்லாம் எனக்கு மனப்பாடம். மனசளவு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாடகத்துக்கு ஆளெல்லாம் முடிவு பண்ணியாச்சுங்க" என்றார். "பெத்தவங்களுக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கு நான் நல்ல பதிலாக ஒன்று சொல்லியிருக்க வேண்டும். பொன் இருட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது, என் வீட்டுக்காரர் தினமும் அதற்குள் இறங்கித்தான் ஏறி வருகிறார் என்று. அது வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது. அங்கே நின்றபோது வேறொன்றுதான் வாயில் வந்தது.

"நாடகம் வேணாம் மிஸ். மாறுவேஷப் போட்டி வெக்கிறீங்களே, அதுல யாரு வேணா சேரலாமா?"

"சேரலாம். டிரெஸ் நீங்களே செஞ்சிக்கணும்."

"எங்க பாப்பா பேரை எழுதிக்குங்க. தேவதை."

மிஸ் பேனாவை எடுக்க யோசித்தார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

எழுதியாயிற்று, ஆனால் சிறகு எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குச் சுரங்கத்தில் டிம்பர் வேலை. குடைந்த இடத்தில் மேலே இருக்கும் பாறை ஆள் தலையில் விழாமல் மரத்தால் முட்டுக்கொடுப்பது. முட்டு இல்லாத எதையும் அவர் நம்ப மாட்டார். எங்கள் வீட்டு நாற்காலிக்குக்கூட அஞ்சாவதாக ஒரு கால் உண்டு. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று அப்போதே ஊரெல்லாம் பேச்சு. அதற்கு எங்கே முட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த மனுஷனுக்கு, சிறகு என்றதும் முகம் தெளிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க வாசலில் உட்கார்ந்து மரத்தை அறுத்தார், இழைத்தார், ஆணி அடித்தார். சாயங்காலம் பெண்ணைக் கூடத்துக்குக் கூப்பிட்டு முதுகில் கட்டினார். அவள் ஒரு நொடி நின்றாள். அப்படியே மல்லாக்கக் கட்டிலில் விழுந்தாள்.

"தேவதைக்கு றெக்கை கேட்டா சுரங்க லெவலுக்குக் கூரை போட்டு வெச்சிக்கிறீங்க" என்றேன்.

"ஒடியக் கூடாது இல்ல?"

"றெக்கை ஒடியாது. புள்ளதான் ஒடியும்."

பெண் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். பிறகு பரணிலிருந்து ஓட்டைக் குடைகள் இரண்டை எடுத்து, கம்பிகளைக் கழற்றினோம். வெடி வைக்கும் மஞ்சள் ஒயர் எங்கள் லைனில் எல்லார் வீட்டிலும் கிடக்கும். எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்க மாட்டோம். அதை வைத்துக் கம்பிகளை விசிறி மாதிரி விரித்துக் கட்டினோம். இப்போது கனம் இல்லை. ஆனால் தோளில் மாட்டிய நாடா பெண்ணின் அக்குளை அறுத்தது, சிறகும் பின்பக்கம் தொங்கியது. அவர் நாடாவைக் கழற்றிக் கையில் வைத்து இழுத்துப் பார்த்தார்.

"பேட்டரிய எங்க கட்றோம்?" என்றார். சுரங்கத்தில் தலை விளக்குக்கான பேட்டரியைச் சொல்கிறார். "இடுப்புல. தோள்ல மாட்டினா ஒரு ஷிஃப்ட் தாங்காது. இதையும் இடுப்புல நிறுத்து."

கட்டில் நாடாவை நாலாக மடித்து அகலமாக ஒரு பெல்ட் தைத்தேன். அதிலிருந்து முதுகுத்தண்டோடு ஒரு மூங்கில் பட்டை. அதன் உச்சியில் சிறகு. பட்டை கவுனுக்குள் மறைந்துவிட்டது. பெண் கூடத்தில் நடந்தாள், குதித்தாள், குனிந்து நிமிர்ந்தாள். சிறகு அசையாமல் நின்றது. அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் சாப்பாடு ஒரு கை கூடுதலாகவே இறங்கியது.

இனி துணி போட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. குடையிலிருந்து பிரித்த கறுப்புத் துணி பளபளவென்று கிடந்தது. உடனே தீர்மானித்துவிட்டேன். கறுப்புத்தானே உங்களுக்கு இளப்பம்? கறுப்புச் சிறகோடு ஒரு தேவதையை உங்கள் மேடையில் ஏற்றிக் காட்டுகிறேன், பாருங்கள். பெண் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் உட்கார்ந்து தைத்தேன். குடைத்துணி லேசில் மடங்காது, மெஷினில் வழுக்கும், ஊசி தப்பாக இறங்கினால் அந்த ஓட்டை மறையாது. ஒரு தையல்கூடத் தப்பவில்லை. ஓரமெல்லாம் வெள்ளி ஜிகினா வைத்தேன். கல்யாண ஜாக்கெட்டுகூட நான் அப்படித் தைத்ததில்லை. சுவரில் மாட்டிவிட்டு அவளுக்காகக் காத்திருந்தேன்.

வந்தாள். பையை மாட்டவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது இன்னாமா?"

"உன் றெக்கைதான்."

"மிஸ் காக்கான்னாங்க. நீயும் அதையே தெச்சி வெச்சிக்கிற."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "கறுப்பு அழகுடி கண்ணு" என்றேன்.

"அழகுதான். எனக்கு வெள்ளை வேணும்."

"ஏன், வெள்ளைன்னா ஒசத்தியா?"

"ஒசத்தின்னு சொல்லல. எனக்கு வெள்ளை றெக்கைதான் புடிக்கும்."

இதைப் போட்டுக்கொண்டு போ, இல்லாவிட்டால் போகவே வேண்டாம் என்று கத்தினேன். அவள் சரியென்று சொல்லிவிட்டு, கை கால் கழுவி, வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். என் வயிற்றில் பிறந்தது, பிடிவாதத்துக்கு வேறு எங்கே போகும்? ஷிஃப்ட் முடிந்து வந்த அவர் சுவரைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், டீயைக் குடிக்க உட்கார்ந்தார்.

மிஸ்ஸோடு சண்டை போட்டது நான். கறுப்பைக் கொண்டுபோய் அவர் மூஞ்சியில் நிறுத்த ஆசைப்பட்டது நான். அதற்கு என் பெண்ணைக் கொடிக்கம்பம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவளுக்கு வேண்டியிருந்தது தேவதை வேஷம், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன்.

கட்டிலுக்குப் போட்டிருந்த வெள்ளைக் கொசுவலையை வெட்டினேன். ஜவ்வரிசிக் கஞ்சியில் இரண்டு முறை தோய்த்து விறைக்க வைத்தேன். வெளியே காயப்போட்டால் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் மண் அப்பிவிடும் என்று வீட்டுக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டு, இரண்டு நாள் எல்லாரும் குனிந்து குனிந்து நடந்தோம். கொசுக்கடிக்கு நான் பொறுப்பில்லை என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஜிகினாவை எங்கே வைப்பது என்று இந்த முறை அவளையே கேட்டேன். ஓரத்தில் வேண்டாம், நடுவில் வட்டமாக வை என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. வைத்தேன்.

ஆண்டு விழா சாயங்காலம், ஒரு வகுப்பறையில்தான் ஒப்பனை. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நாடகத்துத் தேவதைகள் ஆறு பேரும் அட்டைச் சிறகுகளோடு ஒரு பக்கம் நின்றார்கள். கனத்தில் இரண்டு சிறகுகள் அப்போதே சாய்ந்திருந்தன. என் பெண்ணின் சிறகு நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்து ஒரு பெண் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

மிஸ் வந்தார். சிறகைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாவே செஞ்சிக்கிறீங்க" என்றார். மனசாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு ரோஸ் பவுடர் டப்பாவைத் திறந்து, "இப்படி வாம்மா, மூஞ்சியக் கொஞ்சம் சரி பண்ணிடலாம்" என்று அவள் கன்னத்தில் பஞ்சால் ஒரு ஒத்து ஒத்தினார். ஒரு பக்கக் கன்னம் மட்டும் இன்னும் வெளிறிப் போயிற்று.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் பெண் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"மூஞ்சி வேணாம் மிஸ். அது என்னுது. றெக்கை மட்டும்தான் வேஷம்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். மிஸ் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என் பெண்ணைப் பார்த்தேன். அவள் என் முந்தானையை இழுத்துக் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். மறு கன்னத்தையும் துடைத்தாள், நெற்றியையும் துடைத்தாள். முந்தானை வெள்ளை வெள்ளையாக ஆயிற்று. அதில் ரோஸ் கொஞ்சம்தான். மீதியெல்லாம், சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்புகையில், யோசிக்காமல், நான் அவளுக்கு அப்பி விட்டிருந்த பவுடர்.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். பக்கவாட்டில் திரும்பி, சிறகு நிலைக்காலில் இடிக்காமல் கதவைத் தாண்டி, மேடைக்குப் போனாள்.