வெறுங்கையோடு போகாத குகநாதன்

வெறுங்கையோடு ஒருவர் வாசலில் போய் நிற்பது குகநாதனுக்குப் பிடிக்காது. ஜெர்மனியில் தட்டுக் கழுவிய காலத்திலிருந்தே அந்தப் பழக்கம். நத்தார்ப் பண்டிகைக்கு மேற்பார்வையாளனுக்கு ஒரு போத்தல், வீடு எடுத்துத் தந்தவனுக்கு ஒரு போத்தல், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட மனிசிக்கு ஒரு பெட்டி சொக்கிலேற். எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் வாங்கினார்கள். காரியமும் நடந்தது. லண்டனுக்கு வந்து மிச்சம் என்ற பகுதியில் கடை போட்ட பிறகும் அவர் அதை மாற்றவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் கழற்றுவான்?

அப்படிக் கொடுத்த ஒரு போத்தல்தான் மகள் றூபினியின் படிப்பில் வந்து விழுந்தது.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தால்தான் உருப்படுவார்கள் என்று குகநாதன் ஜெர்மனியை விட்டு வந்தபோது றூபினி சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பிடித்த நாளிலிருந்து வீட்டுக்கு வாய் அவள்தான். கவுன்சிலிலிருந்து ஆள் வந்தாலும், வங்கியிலிருந்து போன் வந்தாலும், அப்பா தமிழில் சொல்லுவார், அவள் ஆங்கிலத்தில் சொல்லுவாள். "இவனுக்கு மண்டையிலை ஏதும் இருக்கோ எண்டு கேள்" என்று அவர் சொன்னால், "அப்பாவுக்கு வடிவாக விளங்கவில்லையாம், இன்னொருமுறை சொல்ல முடியுமா" என்று அது வெளியே வரும். குகநாதனுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். பேசத்தான் வராது. கசங்கின சட்டையை அழுத்தி மடித்துக் கொடுப்பதுபோல அவருடைய பேச்சை அவள் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்பார்.

கடையும் வீடுமாக ஓடியதில் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை அவளுக்குச் சரிவரவில்லை. பக்கத்து ஊரான சட்டனில், வேலை செய்துகொண்டே படிக்கக்கூடிய ஒரு சாதாரண கொலிஜில் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவள் எழுதியவற்றைப் பார்த்த ஆசிரியை ஒருத்தி, நகரத்துக்குள் இருக்கும் சின்னக் கல்லூரி ஒன்றைக் காட்டினாள். இங்கே படித்ததைக் கணக்கில் எடுத்து அங்கே நேரே இரண்டாம் வருடத்தில் சேர்ப்பார்களாம். ஒரு வகுப்பில் பத்துப் பேர்கூட இல்லை. வரலாறு, தத்துவம், கணிதம் எல்லாம் சேர்ந்த படிப்பு.

"எல்லாத்திலையும் கொஞ்சம் கொஞ்சமோ?" என்றார் குகநாதன். "இதென்ன, புஃபேயோ?"

"புஃபேயிலைதானேப்பா நீங்கள் வயிறாரச் சாப்பிடுறனீங்கள்."

அவருடைய மனைவி பிறேமினி சிரிப்பை மறைக்க பிறிட்ஜுக்குள் தலையை விட்டாள்.

குகநாதன் ஒத்துக்கொண்டார். அந்தப் படிப்பு விளங்கி அல்ல. இது வேண்டும் என்று அந்தப் பிள்ளை அதுவரை எதையும் கேட்டதில்லை.

நேர்முகத்துக்கு அவரே காரில் கூட்டிக்கொண்டு போனார். கல்லூரி என்றால் பெரிய வாசலும் காவலாளியும் இருக்கும் என்று நினைத்துப் போனவருக்கு, தெருவில் மற்ற வீடுகளோடு ஒட்டி நின்ற ஒரு வீட்டைக் கண்டதும் தயக்கமே இல்லாமல் போய்விட்டது. வீட்டுக்குப் போகிற மாதிரித்தானே போகவேண்டும்? நேர்முகம் முடிந்து, கல்லூரியின் டீன் எல்வுட் என்ற நரைத்த பெண்மணி வாசல்வரை வந்து வழியனுப்பியபோது, காரிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். மேலே பிறேமினி சுட்ட பயற்றம் பணியாரம். கீழே, அவருடைய கடையில் மேல்தட்டில் பூட்டி வைக்கிற ரக விசுக்கி, பெட்டியோடு. அந்தப் பெண்மணி பணியாரத்தைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அடுத்த கிழமை மின்னஞ்சல் வந்தது. றூபினியின் சேர்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தந்தையோடு வரவேண்டும். இடத்துக்காகப் பொருள் கொடுத்தது என்று தெரிந்தால் விண்ணப்பம் அத்தோடு முடியவும் கூடும்.

"குடுத்தது ஒரு குற்றமோ? அவ சிரிச்சுக்கொண்டுதானே வாங்கினவ."

"அவ பணியாரத்துக்குச் சிரிச்சவ அப்பா."

"பணியாரமே காணும், வேறொண்டும் வேண்டாம் எண்டு நான் சொன்னனான்," என்றாள் பிறேமினி. "இந்த வீட்டிலை நான் சொல்லி ஆர் கேட்டது?"

"சரி, விடு. பிள்ளை போய்க் கதைச்சா எல்லாம் சரிவரும்." குகநாதன் மகளைப் பார்த்தார். அவள் எழுந்து மேலே போய்விட்டாள்.

கல்லூரியில் அவர்களை இருத்திய அறையில், மேசையின் நடுவே அந்தப் பை இருந்தது. ஒருபக்கம் டீன். பக்கத்தில் ஒல்லியான மனிதர் ஒருவர், சொல்வதை எல்லாம் கணினியில் பதிந்துகொண்டிருந்தார். வணக்கம், தண்ணீர், மழை என்ற பேச்செல்லாம் சீக்கிரம் முடிந்துபோனது.

"இதை எதற்காகத் தந்தார் என்று உங்கள் தந்தையிடம் கேளுங்கள்," என்றார் டீன்.

குகநாதனுக்கு விளங்கிவிட்டது. என்றாலும் றூபினி அதைத் தமிழில் கேட்கும்வரை காத்திருந்தார். அதுதானே முறை.

"சும்மா ஒரு மரியாதைக்கு எண்டு சொல்லு. எங்கடை ஆக்களின்ரை பழக்கம் எண்டு சொல்லு."

அவள் டீன் பக்கம் திரும்பாமல் பையைப் பார்த்தாள்.

"சொல்லன், பிள்ளை."

"பணியாரம் மரியாதைக்கு. விசுக்கி என்னத்துக்கு?"

"இதென்ன கேள்வி, ஆக்களுக்கு முன்னாலை."

"அவை அதைத்தானேப்பா கேக்கினம்."

ஒல்லியானவரின் விரல்கள் தட்டாமல் நின்றன. ஏதாவது சிக்கலா என்று டீன் கேட்டார். "இல்லை, அப்பா யோசிக்கிறார்," என்றாள் றூபினி.

குகநாதன் உண்மையில் யோசித்தார். பழக்கம் என்று சொன்னால் இவர்கள் மேலே கேட்கமாட்டார்கள். கவுன்சிலில் கண்டிருக்கிறார், அந்தச் சொல்லைக் கேட்டதும் வெள்ளையர்களுக்கு நாக்கு உள்ளே போய்விடும். தப்பிவிடலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வாய் அவருடையது இல்லை. அந்த வாய் இறுகிப்போய் இருந்தது.

"நான் சொன்னா அப்பிடியே சொல்லுவியோ?"

"இந்தமுறை அப்பிடியேதான்."

"கூட்டாமல் குறைக்காமல்?"

"ஓம்."

டீனைப் பார்த்தே சொன்னார். "இவளை எடுக்கவேணும் எண்டுதான் குடுத்தனான். சும்மா போனா எடுக்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

றூபினி திரும்பி அதைச் சொன்னாள். தயவுசெய்து என்பதும் இல்லை, மன்னிக்கவும் என்பதும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் குகநாதனுக்கு விளங்கியது. இத்தனை வருடத்தில் தன் பேச்சு அழுத்தாமல் மடிக்காமல் ஆங்கிலத்தில் போவதை இப்போதுதான் கேட்டார். உடுப்பில்லாமல் நடுறோட்டில் நின்றது போலிருந்தது.

டீன் றூபினியைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"நோ," என்றார் குகநாதன், மகளுக்கு முன்னால் பாய்ந்து. "ஷி நோ நோ."

"தெரியும்," என்றாள் அவள். "பைக்குள் பெட்டியின் மூலையைக் கண்டேன். மற்றவர்களுக்கு முன்னால் நான் அப்பாவை மறுத்துப் பேசியதே இல்லை. அன்றைக்கும் பேசவில்லை. அது என் பிழை."

"அடி பாவி," என்றார் குகநாதன் மெல்ல. அதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.

அவர்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடையில் இருந்த ஒடுங்கலான வாங்குப் பலகையில் இருவரும் இருந்தார்கள்.

"என்ரை தலையிலை போட்டுட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்."

"இஞ்சை ஒவ்வொரு வகுப்பிலையும் நீ என்ன நினைக்கிறாய் எண்டுதான் முதல் கேப்பினமாம். பொய்யைச் சொல்லி உள்ளுக்கை வந்துட்டுப் பிறகு என்னத்தை நினைக்கிறது?"

கதவு திறந்தது. அவளை மட்டும் கூப்பிட்டார்கள். குகநாதன் எழுந்தார், இருந்தார், திரும்பவும் எழுந்தார். உள்ளே டீனின் குரல் ஒரே சீராகக் கேட்டது. மகளின் குரல் கேட்கவேயில்லை. முடிந்தது என்று நினைத்தார். பிறேமினிக்கு எப்படிச் சொல்வது என்றுகூட வசனம் அமைக்கத் தொடங்கினார்.

றூபினி வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னவாம்?"

"நேர்முகம் நடந்த அண்டைக்கே முடிவை எழுதி வைச்சிட்டினமாம், போத்தலைக் காண முதல். நாங்கள் மறைக்கிறமோ எண்டுதான் இண்டைக்குப் பாத்தவை. செப்ரெம்பரிலை வரட்டாம்."

குகநாதன் பிறேமினிக்குச் சொல்லப் போனை எடுத்தார்.

"ஒண்டு அப்பா. இனி நீங்கள் ஆரோடை கதைக்கிறதெண்டாலும் நீங்களே கதையுங்கோ. நான் நடுவிலை நிக்கமாட்டன்."

"அதுவும் அவை சொன்னதோ?"

"இல்லை. நான் சொல்லுறன்."

நூலகம் பார்க்க வரும்படி சொல்லியிருக்கிறார்கள், பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி அவள் உள்ளே போனாள். குகநாதன் தனியாகத் தெருவில் இறங்கினார். அவருடைய காருக்குப் பக்கத்தில் சீருடைக்காரன் ஒருவன் நின்று தண்டச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். காரை நிறுத்தக் காசு கட்டிய நேரம் கடந்து போயிருந்தது. குகநாதன் மகளைக் கூப்பிடுவதற்காகத் திரும்பினார். கல்லூரிக் கதவு சாத்தியிருந்தது. சீருடைக்காரனிடம் போய், ஆங்கிலத்தில் தானே தொடங்கினார்.