இசக்கிமுத்துவின் சைக்கிளும் தனபாக்கியத்தின் வேனும்

நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் ராட்சத இயந்திரத்தை ஓட்டி மண் வெட்டிய இசக்கிமுத்துவுக்குக் கார் மட்டும் ஓட்ட வரவில்லை. லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றார். மனைவி தனபாக்கியம் முதல் முறையிலேயே வாங்கிவிட்டார். ரிட்டயரானதும் இசக்கிமுத்து சொந்த ஊரான தென்காசிக்குச் சைக்கிளில் கிளம்ப, பழைய ஆம்னி வேனில் மெத்தையும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு தனபாக்கியமும் துணைக்கு வந்தார்.

இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் போய்க் காத்திருப்பதாகத்தான் பேச்சு. தனபாக்கியமோ பின்னாலேயே ஊர்ந்தார். விருத்தாசலம் தாண்டுவதற்குள் வேனுக்குப் பின்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு கரும்பு லாரியும் வரிசை கட்டிவிட்டன. அதைப் பார்த்து டீக்கடைக்காரர் ஓடிவந்து இசக்கிமுத்துவுக்குத் துண்டு போர்த்தினார்.

“எந்தக் கட்சிங்க? எதுக்காகப் போய்க்கினு இருக்கீங்க?”

“பின்னாடி வர்றது கட்சி இல்லீங்க, என் வீட்டம்மா.”

கடையே சிரித்தது. இசக்கிமுத்து வேன் ஜன்னலருகே போய்க் கெஞ்சினார். “தனம், முன்னால போயேன்.”

“முன்னால போனா, நீங்க விழுறது எனக்கு எப்படித் தெரியும்?”

கடைசியில், அவ்வப்போது ஓரங்கட்டி மற்ற வண்டிகளுக்கு வழிவிட மட்டும் தனபாக்கியம் சம்மதித்தார்.

ஒன்பதாம் நாள் தென்காசி வந்தது. சைக்கிளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள் வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். “அத்தை, நீங்களா ஓட்டிட்டு வந்தீய?”

இசக்கிமுத்துதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்: “வேன்ல ஒரு கீறல்கூட இல்ல, சுத்திப் பாருங்க!”